போர்மேன் கைது, முதலாளி தலைமறைவு

எங்கள் எம். புதுப்பட்டி வட்டாரத்தில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்தால் மறுநாள் செய்தி எப்படி வரும் என்பதை இங்குள்ள பள்ளிப் பிள்ளையே சொல்லிவிடும். ‘மருந்து செலுத்தும்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக’ என்று தொடங்கும். ‘போர்மேன் கைது செய்யப்பட்டார், தலைமறைவான உரிமையாளரைப் போலீசார் தேடி வருகின்றனர்’ என்று முடியும். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரை உட்கார வைத்தது யார், அன்றன்றைக்குத் தீர்க்க வேண்டிய கலவையை மிச்சம் வைத்து ஈரம் ஏற விட்டது யார், உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்குத்தகைக்கு விட்டது யார் என்ற கேள்விகளெல்லாம் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே கருகிப் போயிருக்கும்.

இலங்கை உள்நாட்டுப் போர் எப்படி மூண்டது என்று சென்ற இதழில் அன்பர் ஒருவர் எழுதியிருந்த நீண்ட கட்டுரையைப் படித்து முடித்தபோது, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்ட அதே செய்தியைத்தான் படித்தேன். உராய்வு: 13 சிப்பாய்களின் சாவு. போர்மேன்: யாழ்ப்பாணத்துப் பெடியன்கள். முதலாளி? கட்டுரை முழுக்கத் தலைமறைவு. மேற்கோளுக்குக் குறைவில்லை, ‘நடுநிலை’ என்ற சொல்லுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஆண்டுகளை மட்டும் வரிசையாக அடுக்கிக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. மறதி என்று நினைக்க வேண்டாம். அடுக்கினால் வாதம் சரிந்துவிடும் என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது.

முதல் வாதம்: 1983 ஜூலை 23 வரை இலங்கை ஆரோக்கியமான ஜனநாயகம், அன்றிரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகள் 13 சிப்பாய்களைக் கொன்றார்கள், மறுநாள் கொழும்பு கனத்தை மயானத்தில் கூடிய மக்களின் துக்கம் தன்னெழுச்சியாகக் கலவரமாயிற்று. கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் துக்கம் கையில் வாக்காளர் பட்டியலோடு தெருத் தெருவாக வந்து, எது தமிழர் வீடு, எது தமிழர் கடை என்று சரிபார்த்துத் தீ வைத்ததை அன்பர் எந்த வகை மனவெழுச்சியில் சேர்ப்பார்? ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாள்களில் வெலிக்கடைச் சிறைக்குள் பூட்டிய அறைகளில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்களே, தன்னெழுச்சி சிறைச்சாலைச் சாவியையும் மடியில் முடிந்து வைத்திருந்ததா? சரி, அன்பரை நம்ப வேண்டாம், அவர் தாங்கிப் பிடிக்கும் அரசாங்கத்தையாவது நம்புவோம் என்று பார்த்தால், ஜயவர்த்தன அரசு அதே மாத இறுதியில் ஜே.வி.பி., கம்யூனிஸ்ட் கட்சி, நவ சமசமாஜக் கட்சி மூன்றையும் தடை செய்து, இது இடதுசாரிகள் தீட்டிய சதி என்றது. சதி என்றால் தன்னெழுச்சி இல்லை. தன்னெழுச்சி என்றால் சதி இல்லை. வாதியும் பிரதிவாதியும் ஒருவரையொருவர் பொய்யராக்கும் இந்த வழக்கில் நாம் தீர்ப்பெழுத வேறு என்ன வேண்டும்?

இன்னொன்று. அதே ஜயவர்த்தன லண்டன் நாளேடு ஒன்றுக்கு அளித்த பேட்டி அந்த ஆண்டு ஜூலை 11 அன்று வெளியானது. யாழ்ப்பாணத்து மக்களின் கருத்தைப் பற்றி இனித் தமக்குக் கவலையில்லை என்ற பொருளில் அதில் பேசியிருந்தார். சிப்பாய்கள் சாவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு. விளைவு காரணத்துக்கு முன்னால் வந்து நிற்கும் அதிசயத்தை அன்பரின் தர்க்கத்தில்தான் காண முடியும். அவரிடம் ஒரே ஒரு கேள்வி: 1956 ஜூனில் கல்லோயாவில் தமிழர் வெட்டப்பட்டபோது, 1958 மேயில் தீவு முழுக்க எரிந்தபோது, 1977 ஆகஸ்டில் மீண்டும் எரிந்தபோது, 1981 ஜூன் 1 விடிகையில் 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் சாம்பலானபோது, அந்தப் பதின்மூன்று சவப்பெட்டிகள் எங்கே இருந்தன?

1958ஐப் பற்றி அன்பர் ஒன்றரை வரி எழுதுகிறார். அதிலும், வாகன எண் பலகையில் இருந்த சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துக்குத் தமிழர் தார் பூசியதுதான் தொடக்கம் என்கிறார். தார்ச்சட்டி தூக்குவது போருக்கு வித்து என்றால், அதே 1950களில் ரயில் நிலையப் பலகைகளின் இந்தி எழுத்துக்குத் தார் பூசிய நம்மூர்க்காரர்களுக்காக டெல்லியில் தமிழர் தெருக்கள் எரிந்திருக்க வேண்டுமே? எரியவில்லை. எழுத்துக்குத் தார் பூசியவனைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போவது ஒரு நாடு; எழுத்துக்குத் தார் பூசியதற்கு எங்கோ தொலைவில் இருக்கும் குடும்பத்தை வெட்டுவது வேறொரு நாடு. அந்தக் கலவரத்தில் அகதிகளான கொழும்புத் தமிழர்களை அரசாங்கமே கப்பலேற்றி வடக்கே கொண்டுபோய் இறக்கியது. உனக்குப் பாதுகாப்பான இடம் அதுதான் என்று தன் குடிமகனிடம் ஓர் அரசே கப்பல் வைத்துச் சொன்ன பிறகு, தமிழீழத்தின் வரைபடத்தை முதலில் வரைந்தது யார் என்று நாம் தகராறு செய்துகொண்டிருக்கிறோம்.

இரண்டாம் வாதத்தில் அன்பர் நம்மை மடக்கிவிட்டதாகவே எண்ணுகிறார். தமிழ்நாட்டில் தமிழ் ஆட்சிமொழி என்றால் இனிக்கிறது, சிங்களர் நாட்டில் சிங்களம் ஆட்சிமொழி என்றால் கசக்கிறதா என்று கேட்கிறார். கேள்வி கூர்மைதான், கத்தியைப் பிடித்திருக்கும் பக்கம்தான் தவறு. 1956 தனிச்சிங்களச் சட்டத்துக்கு நேரான இந்திய நிகழ்வு தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் அல்ல. 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்ற ஏற்பாடு. அதை எதிர்த்துத் தெருவில் இறங்கிய தமிழ்நாட்டு மாணவனின் இடத்தில்தான் யாழ்ப்பாணத்துத் தமிழன் நின்றான். இந்த ஒப்பீட்டைச் செய்துவிட்டுப் பாதியில் ஓடுவானேன்? முழுக்கச் செய்வோம், வாருங்கள். அதற்கு எங்கள் விருதுநகரே போதும்.

கொழும்பில் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே 1956இல், ஜூலை 27 அன்று, தியாகி சங்கரலிங்கனார் விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கினார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அவர் கேட்டவற்றில் முதன்மையானது. 76 நாள் பட்டினி கிடந்து அக்டோபர் 13 அன்று இறந்தார். ஆட்சியிலிருந்தவர்கள் அன்று அசையவில்லை. அது நம் வரலாற்றின் கறை. 1965இல் மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதுவும் கறைதான், மறைக்க மாட்டேன். ஆனால் அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1967 தேர்தலில் இதே விருதுநகரில், அந்த மொழிப் போராட்டத்தின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், தமிழகத்தின் ஆகப் பெரிய தலைவரான காமராஜரைத் தோற்கடித்தார். வெறும் 1,285 வாக்கு. அந்த ஆண்டு ஜூலையில் சட்டமன்றம் தமிழ்நாடு என்ற பெயருக்குத் தீர்மானம் போட்டது. இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று ஒன்றியமும் சட்டத்தைத் திருத்தியது. திராவிட நாட்டுக் கோரிக்கையை ஏற்கெனவே கைவிட்டிருந்த ஒரு கட்சி ஆட்சிக் கட்டிலில் ஏறியது. கோபத்துக்குப் போக ஒரு பெட்டி இருந்தது. பெட்டிக்குள் போட்ட சீட்டுக்கு மதிப்பும் இருந்தது.

அங்கே? 1957 ஜூலை 26 அன்று சுதந்திரக் கட்சிப் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். தனிநாடு அல்ல, சமஷ்டிகூட அல்ல. வட்டார சபைகளும் வடக்கு கிழக்கு நிர்வாகத்தில் தமிழும், அவ்வளவே. 1956 தேர்தலில் தோற்று வீட்டிலிருந்த ஐக்கிய தேசியக் கட்சியின் ஜயவர்த்தன, அதை எதிர்த்து அக்டோபரில் கண்டிக்குப் பாதயாத்திரை கிளம்பினார். இம்புல்கொடவில் வழி மறிக்கப்பட்டார். 1958 ஏப்ரல் 9 அன்று பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒப்பந்தம் ரத்து என்று எழுத்திலேயே வாங்கிக்கொண்டு எழுந்தார்கள். 1965 மார்ச் 24 அன்று ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்கவோடு இன்னொரு ஒப்பந்தம். முன்பு எதிர்க்கட்சியாக இருந்து ஐக்கிய தேசியக் கட்சி செய்த வேலையை இப்போது எதிர்க்கட்சியாக இருந்து சுதந்திரக் கட்சி செய்தது, அதுவும் செத்தது. ஆட்சியில் இருந்தால் கையெழுத்து, எதிரணியில் இருந்தால் கிழிப்பு: இதை அன்பர் ‘பெரும்பான்மையின் இயல்பான உணர்வு’ என்கிறார். நான் இதை உள்குத்தகை என்பேன். உணர்வு மக்களுடையது, உரிமம் கட்சிகளுடையது, லாபம் யாருக்கு என்று சொல்லவா வேண்டும்?

மூன்றாவது வாதம் சமூக நீதி வேடம் கட்டி வருகிறது. பல்கலைக்கழக அனுமதியில் ‘தரப்படுத்தல்’ என்பது நம் இடஒதுக்கீடு போன்றதுதானே, திராவிட மண்ணில் பிறந்து அதை எப்படி எதிர்க்கலாம் என்று நம் மனசாட்சியையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார். முதலில் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். அமெரிக்க மிஷனரிகள் 1823லேயே வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கூடம் தொடங்கிய யாழ்ப்பாணம் படிப்பில் முந்தியிருந்தது. மருத்துவத்திலும் பொறியியலிலும் தமிழர் பங்கு மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாக இருந்தது. சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கு நியாயமான ஏக்கம் இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் 1971இல் செய்தது என்ன? மருத்துவப் படிப்புக்கு 400க்குத் தமிழ்வழி மாணவன் 250 எடுக்க வேண்டும், சிங்களவழி மாணவனுக்கு 229 போதும். கொழும்பின் ஆகச் சிறந்த கல்லூரியில் காரில் வந்திறங்கிப் படித்த சிங்களப் பிள்ளைக்கும் 229. ஆய்வுக்கூடமே இல்லாத மன்னார்ப் பள்ளியில் படித்த மீனவர் பிள்ளைக்கும் 250. பின்தங்கியவனைத் தூக்கிவிடுவது இடஒதுக்கீடு. எந்த மொழியில் விடை எழுதினாய் என்று பார்த்து மதிப்பெண் போடுவதற்குப் பெயர் வேறு. பின்னால், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது பின்தங்கிய மாவட்டத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பலன் கிடைத்தது என்பதை அன்பர் எடுத்துக்காட்டுகிறார். மெத்தச் சரி, ஆனால் 1974இன் நியாயத்தை எடுத்து 1971இன் அநியாயத்துக்குப் போர்த்திவிடுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது. அதோடு, மொழிச் சட்டத்தால் வாழ்வு பெற்றதாக அவர் கொண்டாடும் சிங்கள இளைஞர்களே 1971 ஏப்ரலில் வேலையில்லாமல் அதே அரசுக்கு எதிராக ஆயுதம் தூக்கினார்களே, அவர்களை எந்த அத்தியாயத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்?

நான்காவது: தமிழ்த் தலைவர்கள் தொடக்கம் முதலே பிரிவினைக்காரர்கள்; ஆங்கிலத்தில் சமஷ்டிக் கட்சி, தமிழில் தமிழரசுக் கட்சி என்று இரண்டு பெயர் வைத்து ஏமாற்றினார்கள். பெயர்ப்பலகையை வைத்து வழக்கு நடத்துவது அன்பருக்குச் சுலபமாக இருக்கலாம். கடைக்குள் என்ன விற்றார்கள் என்று பார்ப்பதுதான் முறை. 1970 தேர்தல் அறிக்கையில் அதே தமிழரசுக் கட்சி, நாட்டைப் பிரிப்பது நாட்டுக்கும் நல்லதல்ல, தமிழருக்கும் நல்லதல்ல என்று எழுதி வாக்குக் கேட்டது. தனியாட்சி பேசி அதிலிருந்து பிரிந்துபோன நவரத்தினத்தை ஊர்காவற்றுறை மக்கள் தோற்கடித்தார்கள். 1970இல் பிரிவினையைத் தோற்கடித்த அதே வாக்காளர்கள் 1977இல் அதற்கு 18 இடம் கொடுத்தார்கள் என்றால், நடுவில் நடந்தது என்ன என்றல்லவா கேட்க வேண்டும்?

நடுவில் நடந்தது 1972 மே 22. சிறுபான்மைக்கு இருந்த ஒரே சட்டக் காவலான சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு எடுத்தெறியப்பட்டது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் அரசியலமைப்பில் ஏறியது. எழுதிய கை யாருடையது தெரியுமா? 1956இல், ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்த சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவுடையது. தீர்க்கதரிசியே தன் தீர்க்கதரிசனத்தை நிறைவேற்றப் பேனா பிடித்த கதை உலகில் அதிகம் இருக்காது. செல்வநாயகம் பதவி விலகி, மக்களிடமே கேட்போம் என்றார். அந்த ஓர் இடைத்தேர்தலை நடத்த இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1975 பிப்ரவரியில் பெருவெற்றி பெற்றார். அடுத்த ஆண்டு மே 14 அன்று வட்டுக்கோட்டைத் தீர்மானம். இருபது ஆண்டு கெஞ்சிய கிழவர் கடைசியில் கேட்டதை, அவர் முதல் நாளே கேட்டதாக எழுதுவது வரலாறா, வஞ்சகமா?

தமிழ்த் தலைமை புனிதர் கூட்டம் என்று சொல்ல வரவில்லை. சிறுபான்மையினருக்குச் சரிபாதி இடம் கேட்ட ஜி.ஜி. பொன்னம்பலம் பிறகு அமைச்சராகி, மலையகத் தமிழரின் குடியுரிமைக்கு வழியடைத்த 1949 சட்டத்துக்குத் துணை போனார். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் தாழ்த்தப்பட்டோரை மறித்து நின்றவர்களும் தமிழர்தான். பின்னால் வந்த புலிகள் மிதவாதிகளையும் முஸ்லிம்களையும் என்ன செய்தார்கள் என்பதற்கு மன்னிப்பே கிடையாது; அமிர்தலிங்கத்தை 1989இல் சுட்டவர்கள் அவர்கள்தான். ஆனால் 1989இன் குற்றத்தை 1958இன் காரணமாகக் காட்டுவது, பேரன் செய்த கொலைக்கு அவன் பிறக்கும் முன்பே தாத்தாவை அடித்தது சரி என்று வாதாடுவது.

ஐந்தாவது வாதம் அதிக நேரம் கேட்காது. இந்தியா பயிற்சியும் ஆயுதமும் கொடுத்ததால்தான் போர் மூண்டது என்கிறார். இந்தியப் பயிற்சி தொடங்கியது 1983 ஜூலைக்குப் பிறகு. எரிந்த வீட்டில் எண்ணெய் ஊற்றியதற்கு டெல்லியை நானும் உங்களோடு சேர்ந்து திட்டுகிறேன். வீட்டுக்குத் தீ வைத்ததும் டெல்லிதான் என்றால் நாள்காட்டி சிரிக்கும். ‘ஆரோக்கியமான ஜனநாயகம்’ என்றீர்களே, 1982 டிசம்பர் 22 அன்று ஜயவர்த்தன தேர்தலே வேண்டாம் என்று, விளக்குச் சின்னமா குடச் சின்னமா என ஒரு பொதுவாக்கெடுப்பு வைத்துப் பழைய நாடாளுமன்றத்தையே இன்னும் ஆறு ஆண்டுக்கு நீட்டினாரே, அது எந்த ஆரோக்கியம்? 1983 ஆகஸ்டில் ஆறாம் திருத்தம் கொண்டுவந்து, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அமிர்தலிங்கம் உட்படத் தமிழ் உறுப்பினர்களை நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற வைத்தார்களே, அதன் பிறகு ஒரு யாழ்ப்பாணத்து மாணவன் போய்ச் சீட்டுப் போட எந்தப் பெட்டி மிச்சம் இருந்தது? எங்கள் சீனிவாசனுக்குக் கிடைத்த பெட்டி அவனுக்குக் கிடைக்கவில்லை.

கடைசியாக, அன்பர் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது பெரிது. 1948 என்ற எண் அவர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. எங்கள் தெருவில் ‘சிலோன்கார அப்பத்தா’ என்று கூப்பிடப்பட்ட கிழவி ஒருத்தி இருந்தார். எழுபதுகளில் மண்டபம் முகாம் வழியாக வந்தவர். வாசல் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு திரி வெட்டுவார். அறையைக் கடைசிவரை ‘காம்பிரா’ என்றே சொன்னார். தேர்தல் வந்தால் காலையிலேயே குளித்துவிட்டு முதல் ஆளாக வரிசையில் நிற்பார். ஏன் இந்த அவசரம் என்று கேட்டால், “எங்க அய்யா தோட்டத்துல ஒரே ஒரு தடவ ஓட்டுப் போட்டாரு. அப்புறம் சாகுற வரைக்கும் போடல” என்பார். அந்த ஒரு தடவை 1947. மலையகத் தமிழர் அந்தத் தேர்தலில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது, அதற்கடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 மனிதர்களைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு புள்ளிதான் அப்பத்தா. அவர்களில் எவரும் சிப்பாய் யாரையும் கொல்லவில்லை, தனிநாடு கேட்கவில்லை, பல்கலைக்கழகத்தில் இடம்கூடக் கேட்கவில்லை. கொழுந்து பறித்தார்கள்.

இவர்களை அன்பர் ஏன் விட்டார்? சேர்த்தால் அவர் வாதத்தின் அடிக்கட்டையே ஆடிவிடும் என்பதால். ஆயுதமும் இல்லாத, கோரிக்கையும் இல்லாத மக்களிடமே அரசு முதலில் கை வைத்தது என்றால், தமிழரின் பிடிவாதத்தால் வந்தது வினை என்ற கதை நிற்காது. கல்லெறிந்தவன்மீது மட்டுமே குற்றம், சட்டம் இயற்றியவன்மீது இல்லை என்று நிறுவிவிட்டால், எந்த நாட்டிலும் எந்தப் பெரும்பான்மையும் நிம்மதியாகத் தூங்கலாம். அந்தத் தாலாட்டைத்தான் அவர் நடுநிலை என்ற ராகத்தில் பாடியிருக்கிறார். பட்டியலிலிருந்து பெயரை நீக்கியதில் தொடங்கியது இது. பட்டியலில் பெயர் இருந்ததால் வீடு எரிந்ததில் போய் வெடித்தது. நடுவில் முப்பத்தைந்து ஆண்டு கலவையை மிச்சம் வைத்துக்கொண்டே போனவர்களைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

விருதுநகர்ப் பக்கம் குல்லூர்சந்தையில் இன்றும் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அன்பர் வந்தால் நானே கூட்டிப் போகிறேன். வாசகரே, உங்களிடம் ஒன்றே ஒன்று: அடுத்த முறை யாராவது 1983 ஜூலையிலிருந்து இந்தக் கதையைத் தொடங்கினால், 1948இல் யார் யாருடைய குடியுரிமையைப் பறித்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகட்டும்.